வேலையெல்லாம் போடக் கூடாது

எங்கள் பள்ளிக்கூடத்து டைம்டேபிளில் பி.டி. பீரியடு என்று ஒன்று இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. புதன்கிழமை மூன்றாவது மணி அடித்ததும் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு உள்ளே நுழைந்துவிடுவார். "வெளையாடி இன்னாத்தக் கிழிக்கப் போறீங்க, நோட்ட எடுங்க" என்பதுதான் அவர் எங்களுக்குச் சொல்லும் வணக்கம். திண்டிவனத்தில் நான் படித்த அத்தனை வருஷத்திலும் நான் ஓடிய ஓட்டமெல்லாம் சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான்.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து ஒரு விண்ணப்பம், வகுப்பறைக்கு வெளியே நீ என்னவெல்லாம் செய்கிறாய், பத்து சொல் என்று கேட்டது. தூரத்து நகரம் ஒன்றில் இருந்த தனியார் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் அது. கிராமத்திலிருந்து அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். எங்கள் தலைமையாசிரியை பிளஸ் டூவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, போட்டுப் பாருங்கள் என்றார். ஒருத்தி நான். இன்னொருத்தி என் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள். ஆறாம் வகுப்பிலிருந்து பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் வந்தவர்கள் நாங்கள். யார் ஜன்னலோரம் என்பதைத் தவிர எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

எங்கள் ஊர் வல்லத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தினமும் விடிகிற நேரத்துக்கு ரோட்டு முனையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். பிளஸ் டூ முடித்த பெண்கள் அநேகமாக அதில்தான் ஏறுவார்கள். என் அக்கா ஏறினாள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அவளால்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் சுருண்டு படுத்துத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த பஸ்ஸில் நான் ஏறவே கூடாது என்று நினைத்துக்கொள்வேன். பரீட்சைக்கு முன்னாடியே அப்பா கம்பெனி ஆளிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டார். என் தோழி வீட்டிலும் அதே கதைதான். இந்த சீட் கிடைத்தால் ஹாஸ்டல், கிடைக்காவிட்டால் அந்த பஸ். மூன்றாவது வழி என்று ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஆதார் திருத்தம், பட்டா, சாதிச் சான்றிதழ், கவுன்சலிங் விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். கடையை நடத்திய அக்கா கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் சொல்லியும் புரியாத படிவத்தை அவர் டீ குடித்துக்கொண்டே முடித்துக் கொடுப்பார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. கோபப்பட்டால்தான் எனக்கு வசதி, பழியை அவர்மேல் போட்டுவிடலாம்.

"ஸ்போர்ட்ஸ் எதுனா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"டான்ஸு, பாட்டு, செஸ்ஸு?"

"இல்லக்கா."

"இன்னாதாம்மா பண்ணீங்க இத்தினி வருஷமா?"

என் தோழி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நான் டிராக்டர் ஓட்டுவேங்க்கா. ஞாயித்துக்கெழமைல எங்க அப்பா கூடப் போயி மல்லாட்டை கொல்லைக்கு ஏரு ஓட்டுவேன். மண்ணப் பொடியாக்க ரோட்டவேட்டர் கூட போடுவேன்."

அது உண்மை. அவள் அப்பா ஊரில் வேர்க்கடலை போடும் பெரிய நிலக்காரர் ஒருவருக்கு டிராக்டர் டிரைவர். முதுகுவலி வந்து அவர் படுத்த ஒரு விதைப்புப் பட்டத்தில், பதினைந்து வயதில் இவள் ஏறி உட்கார்ந்தாள். வரப்பு முனையில் கலப்பையைத் தூக்கி ஒரே திருப்பில் வண்டியைத் திருப்புவாள். ஆம்பிளை டிரைவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோலப் போவார்கள்.

கடைக்கார அக்கா சிரித்தார். கிண்டல் சிரிப்பு இல்லை, பாவப்பட்ட சிரிப்பு. "அது வேலைம்மா. வேலையெல்லாம் போடக் கூடாது. அவுங்க கேக்கறது ஆக்டிவிட்டி. வேலைன்னு போட்டேன்னு வெச்சிக்க, இந்தப் பொண்ணு கொல்லை வேலைக்குப் போறவ, படிக்க எங்க நேரம்னு தள்ளி வுட்டுருவாங்க."

எங்களுக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவள்போல துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். அதைப் பார்த்து நான் உஷாராகிவிட்டேன். என்னிடம் இருந்ததை நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. என்னிடம் இருந்தது வெறும் லீவு. எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது நான்தான். ஓ.பி. சீட்டு வாங்க, எந்த ரூம் என்று படிக்க, டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள, எழுத்து தெரிந்த ஒரு ஆள் வேண்டும். பெரியவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவேன். வகுப்பு டீச்சரிடம் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. இதைப் போய் யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா?

"பத்தும் ரொப்பணும்மா, காலியா வுட்டா செவப்புல காட்டும்" என்றார் அக்கா. கம்ப்யூட்டரில் இதற்கென்றே ஒரு ஃபைல் வைத்திருந்தார். அதிலிருந்து பத்து வரியை எடுத்து என் படிவத்தில் ஒட்டினார். அடுத்து அவள் படிவத்திலும் அதே பத்தை ஒட்டினார். கிராமத்துப் பிள்ளைகள் இருபது பேருக்கு தினமும் மாலையில் இலவச டியூஷன். முந்நூறு மரக்கன்றுகள் நடுதல். ரத்த தான விழிப்புணர்வு. நெகிழி ஒழிப்புப் பேரணிக்குத் தலைமை. யோகா. இப்படியே போனது. எல்லாம் இங்கிலீஷில், படிக்கவே வழவழவென்று இருந்தது.

இரண்டு பேருக்கும் ஒன்றே ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஊருக்கெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, இதற்கும் இப்படி எழுதுவதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்தோம். இன்றைக்கு அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். 'பத்து வரை' என்றுதான் அதில் இருக்கிறது. ஒன்றே ஒன்று எழுதினால்கூடப் போதும்.

ஆதாரத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். அதற்கு மட்டும் எங்களிடம் உண்மையாகவே ஒன்று இருந்தது. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் ஒரு புங்கங்கன்று நட்டார்கள். ஒரு குழி, ஒரு கன்று, ஒரு சிவப்பு பக்கெட். வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகப் போய் அந்தக் கன்றைத் தொட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டோம். இத்தனை பேர் தொட்டுத் தடவியதில் அது மறுநாளே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. அந்தப் படத்தைத்தான் இரண்டு பேரும் ஏற்றினோம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இரண்டு பேருக்கும் வந்தது. விழுப்புரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மாடியில் நடக்கும் என்று போட்டிருந்தது. அன்றைக்குக் காலையில் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விண்ணப்பத்தின் பிரின்ட்டை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தோம். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன்.

"இன்னாடி இது, வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் டியூஷன் எடுக்கறோமாம்" என்றேன்.

"கம்முனு மனப்பாடம் பண்ணுடி. அவுங்க இன்னா வந்து பாக்கவா போறாங்க?"

"கேட்டா இன்னா சொல்றது?"

"கேட்டா சொல்லிக்கலாம். நீ சும்மா பேஜாரு பண்ணாத."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இருபது பேர், பன்னிரண்டு மணி நேரம், முந்நூறு கன்று. பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

மாடி ஹாலுக்கு வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாவட்டத்திலிருந்து எட்டு பேர். கெடார் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் கழுத்து நிறைய மெடலோடு உட்கார்ந்திருந்தான். எங்களுக்கு அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது. இங்கிலீஷ் அகரவரிசைப்படி கூப்பிட்டார்கள். அவள் பெயர் முன்னால் வந்தது, அவளுக்கு அடுத்து நான். எல்லாமே அந்த வரிசையால் வந்தது என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்.

அவள் உள்ளே போனாள். கதவில் பனிமூட்டம்போட்ட மாதிரி ஒரு கண்ணாடி, உள்ளே ஆட்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் ஆனது, இருபது ஆனது. மெடல் பையனையே கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். இவளை ஏன் இவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள்? மாட்டிக்கொண்டாளா? 

கதவு திறந்தது. அவள் முகம் ஜொலித்தது. என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்: "டியூஷனத்தான்டி கேட்டுக்கினே இருந்தாங்க. தண்ணி டேங்க் அடியில எடுக்கறோம்னு சொல்லிட்டேன். நல்லா போச்சு. நீ மாத்திக் கீத்திச் சொல்லிடாத. மாத்தினா ரெண்டு பேரும் காலி."

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். கைத்தறிப் புடவை கட்டிய ஒரு பேராசிரியை அம்மா, அவருக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு ஒருவர். அம்மாதான் பேசினார். "உக்காருங்கம்மா. சாப்பிட்டீங்களா?" என்றார். அந்த அன்பே எனக்கு ஆபத்தாகத் தெரிந்தது.

"இருபது பசங்களுக்கு டியூஷன் எடுக்கறீங்க. எங்க வெச்சு எடுக்கறீங்க?"

"தண்ணி டேங்க் அடியிலங்க."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு?"

அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. "ஆறு மணிக்குங்க" என்றேன். லேப்டாப்காரர் ஏதோ தட்டினார்.

"பசங்கள்ல ஒரு அஞ்சு பேர் பேரு சொல்லுங்க, பாப்போம்."

தெருவில் விளையாடும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு சொன்னேன். மூன்று பெயர் சுலபமாக வந்தது. நாலாவதாக நான் சொன்னது எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஐந்தாவது வரவே இல்லை.

 லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்கள். திரையில் இரண்டு விண்ணப்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பத்து வரி இந்தப் பக்கம், அதே பத்து வரி அந்தப் பக்கம். கீழே இரண்டு படம். அதே குழி, அதே கன்று, அதே சிவப்பு பக்கெட். எங்கள் மூஞ்சி மட்டும்தான் வேறே.

"இதுல யார் எழுதினது, யார் அதைப் பாத்து எழுதினது?" என்று கேட்டார்.

அவர் குரலில் அதட்டல் இல்லை.  ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் எழுதினேன் என்றால் அவள் காப்பியடித்தவள். அவள் எழுதினாள் என்றால் நான் காப்பியடித்தவள். 'நான்தான்' என்ற வார்த்தை சத்தியமாக என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன் என்பதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம். அதற்கு மேல் நான் பெருமைப்பட்டுக்கொள்ள அந்த அறையில் எதுவும் நடக்கவில்லை.

"ரெண்டு பேரும் எழுதலங்க" என்றேன். "ஜெராக்ஸ் கடை அக்கா எழுதினாங்க. இதுல ஒண்ணுகூட நாங்க செஞ்சதில்லைங்க. மரமும் ஒண்ணுதான். ஸ்கூலே அந்த ஒரு செடியத்தான் தொட்டுச்சு."

சொல்ல ஆரம்பித்ததும் எங்கிருந்தோ ஒரு கோபம் வந்துவிட்டது. "எங்களுக்கு பி.டி. பீரியடே கெடையாதுங்க. பாட்டு டீச்சர் இல்ல, கிரவுண்டு இல்ல. பத்து எழுதுன்னா நாங்க எங்கங்க போறது?" என்று கத்தாத குறையாகக் கேட்டேன். முடிந்தது, கம்பெனி பஸ்தான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. என் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்து வருகை நாட்களைப் பார்த்தார். "நல்லாப் படிக்கற பொண்ணு. ஆனா இவ்வளவு லீவு. லீவு போட்டுட்டு எங்க போவீங்க? ஆஸ்பத்திரிக்கா?"

என் முகத்திலேயே ஆஸ்பத்திரி என்று எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். மறைக்க இனி என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் கொட்டினேன். எந்த நாளில் எந்த வார்டில் கூட்டம் இருக்கும், சர்க்கரைக்காரர்களை ஏன் விடிகாலையிலேயே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது வரை சொன்னேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரை அட்டையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பேன் என்றேன். காலையில் போடுவதற்கு ஒரு வெட்டு, ராத்திரிக்கு இரண்டு வெட்டு. கண் சரியாகத் தெரியாத ஒரு அத்தை விரலால் தடவிப் பார்த்தே போட்டுக்கொள்வார்.

லேப்டாப்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார். "இந்த வெட்டு யோசனை யாரோடது?" என்று முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"என்னுதுதாங்க."

அம்மா வெகுநேரம் எழுதினார். அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட் கிடைத்துவிடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பேப்பரைத் திருத்தும்போது டீச்சர் முகத்தை வைத்து மார்க்கைச் சொல்கிறவர்கள் நாங்கள்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

கதவுக் கண்ணாடியில் ஒரு நீல நிறம் தெரிந்தது. அவள் துப்பட்டா. கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஒரே ஒரு வரிதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் டிராக்டர் ஓட்டுவாள், அவளையும் திரும்பக் கூப்பிட்டு ஒருமுறை கேளுங்கள். நான் மாட்டிக்கொண்ட பிறகுதான் உண்மையைச் சொன்னேன், அவளுக்கு மாட்டிக்கொள்ளும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். கூடவே இன்னொன்றும் ஓடியது. ஒரே ஊருக்கு இரண்டு சீட்டா கொடுப்பார்கள்? மாத்திரை அட்டை பெரிசா, டிராக்டர் பெரிசா என்று அவர்கள் நிறுத்துப் பார்த்தால்?

"இல்லைங்க" என்றேன். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னாச்சுடி? மாத்திச் சொல்லலியே?" என்று ஓடி வந்தாள்.

"இல்லடி" என்றேன். அந்தப் பத்து வரிப் பொய் கடைக்காரருடையது. இது என் சொந்தப் பொய்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. டியூஷனை ஒருநாள் நேரில் வந்து பார்த்தாலும் பார்ப்போம் என்று அந்த அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே போவதற்கு முந்தி, எங்கள் இரண்டு பேருடைய விண்ணப்பத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதற்கு முந்தி, சும்மா சொன்ன பேச்சு. இனி யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"நாளைலேர்ந்தே பசங்கள ஒக்கார வெச்சிரணும்டி. திடீர்னு வந்து நின்னா இன்னா பண்றது?" என்றாள்.

மறுநாளே செய்தாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வந்து தண்ணி டேங்க் அடியில் உட்கார வைத்தாள். முதல் நாள் ஏழு பேர். ஒரு வாரத்தில் பதினைந்தானது. இருபது ஆகவில்லையே என்று அவளுக்கு ஒரே கவலை. பக்கத்துத் தெருவுக்குப் போய் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். அவள் வாய்ப்பாடு சொல்லித்தர, நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் எழுத வைத்தேன். உட்காராமல் எப்படி இருப்பது? நானும் டியூஷன் எடுக்கிறவள்தானே, விண்ணப்பப்படி.

அந்த மூன்று வாரம் எனக்கு நெருப்புமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஏதாவது ஒரு கார் உள்ளே திரும்பினால் போதும், "ஏய், நேரா ஒக்காருங்க, ஜல்தி, சிலேட்ட எடுங்க" என்று அவள் பதறிப்போவாள். மூக்கு ஒழுகும் பிள்ளைக்குத் தன் துப்பட்டாவாலேயே துடைத்துவிடுவாள். கார் கல்யாண வீட்டுக்கோ செல்போன் டவர் பார்க்கவோ போய்விடும். அவள் மூச்சு விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். ஒவ்வொரு காரும் திரும்பும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். கார் போனதும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

முடிவு போனில் வந்தது. எனக்குக் கிடைத்தது. அவளுக்கு வருத்தம் தெரிவித்து நாலு வரி வந்திருந்தது. எனக்கு வந்த கடிதத்தில் என் நேர்மையைப் பாராட்டி ஒரு வாக்கியம் இருந்தது. அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. வீட்டில் என் அம்மா கேட்டபோது, சும்மா வழக்கமாக எழுதுவதுதான் என்றேன். என் தோழி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஒரே லிஸ்ட்டுடி! உனக்கு அதிர்ஷ்டம் பாரேன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில் என் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறினாள்.

நான் ஹாஸ்டலுக்குப் போனேன். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களை வட்டமாக உட்கார வைத்து உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். மாத்திரை அட்டையைச் சொன்னேன். கை தட்டினார்கள். கை தட்டல் சத்தத்தில் எனக்கு உடம்பு கூசியது. ஒருத்தி தான் குதிரை ஓட்டுவேன் என்றாள், அதற்கும் தட்டினார்கள். என் தோழி இங்கே உட்கார்ந்து டிராக்டரைப் பற்றிச் சொல்லியிருந்தால் இவர்கள் எப்படித் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை.

தீபாவளி லீவுக்கு வந்தேன். வந்த அன்றைக்குச் சாயங்காலமே தண்ணி டேங்க் பக்கம் போனேன். அங்கே அவள் இருந்தாள். கம்பெனி சட்டையை இன்னும் மாற்றவில்லை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. சுற்றிலும் பிள்ளைகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்திமூன்று பேர்.

"இன்னும் எடுக்கறியா?" என்றேன்.

"எங்க வுடறாங்க? நான் பஸ்ஸ வுட்டு எறங்கறதுக்கு முன்னாடியே வந்து குந்திக்கினு கீதுங்க" என்றாள். "நீ இளைச்சுட்டடி. சாப்பாடு சரியில்லியா?"

அதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டுக்குட்டி பெயரிலிருந்து திரையில் இருந்த இரண்டு படம் வரைக்கும். அவள் கார் கார் என்று பதறியபோதெல்லாம் யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். திட்டுவாள், அடித்தால்கூடத் தேவலை என்று நின்றேன். அவள் திட்டவில்லை. விரலில் உரிந்த தோலைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் டிராக்டர் ஓட்டுவேன்னு சொன்னியா?"

"இல்ல."

"கடைசில வேற எதுனா சொல்லணுமான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்."

 பிள்ளைகளில் ஒன்று ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பித் திருத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"என்னையும் கேட்டாங்க. அடுத்து வர்றவ என் ஃபிரண்டுங்க, எங்க தெருவுல யாருக்கு இன்னான்னாலும் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறவ, அவளா சொல்ல மாட்டா, நீங்க கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."